மூன்றாவது கோடு

ஓடிட்டிருக்கு. ஓடட்டும். நான் அசைய மாட்டேன். நாற்காலி கிரீச்சுன்னா அது மேசை வழியாப் போய் சிப்பைத் தொடும், சிப்பைத் தொட்டா அதோட மூக்கு நுனியில இருந்து மெஷினுக்குள்ள புகை மாதிரி போற தூவல் கலையும், கலைஞ்சா… வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். இப்போதைக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கரண்ட் இருக்கு, புண்ணியம். ஏசி ஓடுது, அதுவும் புண்ணியம். சிப்புன்னா ரெண்டு விரல் அகலத்துல ஒரு கண்ணாடித் தகடு, அதுக்குள்ள தலைமுடியை விடச் சன்னமா ஒரு வாய்க்கால், அந்த வாய்க்கால்ல இப்ப என் தம்பி மகளோட ரத்தம் போயிட்டிருக்கு. கடுகுல பாதி இருக்குமா? அவ்வளவுதான் மிச்சம். குறைமாசத்துல பொறந்த குழந்தைகிட்ட எவ்வளவுதான் எடுக்கறது, சர்க்கரை பாக்கக் கொஞ்சம், மஞ்சக் காமாலை பாக்கக் கொஞ்சம்னு எடுத்தது போக நமக்கு வந்தது இது. காலையில அந்தச் சின்னக் குழாயை என் கையில குடுக்கும்போதே டாக்டரம்மா சொல்லிட்டாங்க, "வாணி, சாயங்காலம் வரைக்கும் இனி அந்தக் கால்ல ஊசி வைக்க மாட்டேன். கால் இல்லை அது, வெண்டைப் பிஞ்சு. இதுல முடிஞ்சா பாருங்க. இல்லைன்னா வெளியூருக்கு அனுப்பிட்டுக் காத்திருப்போம்." வெளியூருக்கு எங்க அனுப்பறது, ஆயுத பூஜை நோம்பின்னு கூரியர்காரனே கடையைச் சாத்திட்டு ஊருக்குப் போயிட்டான். பதில் வர்ற வரைக்கும் குழந்தைக்குத் தாய்ப்பால் கிடையாது. கையில ஏத்தற குளுக்கோஸ் மட்டும். பக்கத்து ஆஸ்பத்திரிக் கட்டடத்துல தம்பி பொண்டாட்டி பிருந்தா பால் கட்டி நெஞ்சு கல்லாக் கனக்க உக்காந்திருக்கா. "நங்கையா, அவ அழுவறது இங்க வரைக்கும் கேக்குதுங்க. கேக்கக் கேக்க எனக்கு ரவிக்கையெல்லாம் நனைஞ்சு போவுதுங்க. ஒரே ஒரு வாய் குடுத்தா என்னங்க ஆகும்?" எங்க பக்கம் புருஷனோட அக்காளை நங்கையான்னுதான் கூப்பிடுவாங்க. நங்கையாகிட்டக் கேட்டா நடக்கும்னு ஒரு நம்பிக்கை அவளுக்கு. என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் கேக்கறா. ஒரு வாய் ஒரு வாய்னுதான் மூத்தவனுக்கும் குடுத்தோம்.

மூத்தவன். பேர் வைக்கறதுக்கு முன்னாலயே போயிட்டான், அதனால மூத்தவன்னுதான் சொல்றது. பொறந்த மூணாம் நாளோ நாலாம் நாளோ அவன் துணியில எல்லாம் வெல்லப்பாகு வாசம். பொங்கலுக்குப் பாகு காய்ச்சினா வருமே, அடுப்புல கொஞ்சம் தீஞ்சு போற நேரத்துல, அதே வாசம். எங்க அம்மா துணியை மோந்து பாத்துட்டு, "பாகா மணக்கறான் பாருங்கடி எம்பேரன், இனிப்பாப் பொறந்திருக்கான்"னு வந்தவங்க போனவங்ககிட்டயெல்லாம் சொல்லிச் சிரிச்சாங்க. ஒறம்பறை, சொந்தபந்தம்னு எல்லாரும் வரிசையா வந்து மோந்து பாத்தாங்க. வாசம் ஏற ஏற அவன் தூங்கினான். சமத்துக் குழந்தைன்னாங்க. அப்பறம் எழுப்பினாலும் எழுந்திரிக்கல. பால்ல இருக்கற புரதத்துல ஒரு பகுதியை அவன் உடம்புக்கு உடைக்கத் தெரியல, உடையாதது ரத்தத்துல தேங்கித் தேங்கி மூளைக்கு ஏறிருச்சுன்னு எல்லாம் முடிஞ்ச பொறகுதான் சொன்னாங்க. தாய்ப்பால் விஷமாகுமா? ஆகும். நாலு குழந்தை பொறந்தா ஒண்ணுக்கு வரலாம், அடுத்ததுக்கும் அதே கணக்குத்தான்னு டாக்டரம்மா சொன்ன அன்னிக்குத் தம்பி தாமு ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்து என்னையே பாத்தான். அவன் கல்யாணத்துல கூடையில புடவை வெச்சு இணைச்சீர் செஞ்சவ நான். அக்கா பக்கத்துல நின்னா எல்லாம் சரியா நடக்கும்னுதானே அந்தச் சீரே. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் நடக்கல. இப்ப நடக்கோணும். பச்சைக் கோடு எழும்பக் கூடாது. திரையில ரெண்டு கோடு ஓடுது, பச்சையும் நீலமும். பச்சைதான் அந்தச் சனியன், உடையாமத் தேங்குதே அது. எழும்பினா நோய். காலையில ஒருதரம் எழும்ப விட்டுப் பாத்தேன். எங்க மெஷின், பெரியவர்னுதான் கூப்பிடறது, அவரு சரியாக் கண்டுபிடிக்கறாரான்னு தெரிஞ்சாகணுமே, அதுக்கு நோய் இருக்கற ரத்தம் வேணும், அதுக்கு நான் எங்க போவேன்? டாக்டரம்மா அலமாரியில மூத்தவனோட ரத்தம் இருந்துச்சு. வடிதாள்ல காஞ்சு போன பழுப்பு வட்டம், அதுல ஒண்ணே ஒண்ணு மீதி. தாமுவைக் கேட்டேன். "எடுத்துக்கக்கா. அண்ணன்காரன்னு ஒருத்தன் இருந்தான்ல, தங்கச்சிக்கு அவனால இதாச்சும் ஆகட்டும்"னான். வட்டத்தை வெட்டி ஊற வெச்சு விட்டேன். பச்சைக் கோடு மலை மாதிரி எந்திரிச்சு நின்னுச்சு. அவ்வளவு சின்னப் பையன், அவ்வளவு பெரிய மலை. இந்த உலகத்துல அவன்னு இருந்த கடைசிச் சொட்டு அது, அதையும் குடுத்துட்டுப் போயிட்டான். நீ நல்லா இருப்படா சாமி. எங்க இருக்கியோ அங்க நல்லா இரு.

பச்சை படுத்தே கெடக்கு. கெடக்கட்டும். இன்னும் ரத்தம் மூக்கு வரைக்கும் வந்திருக்காது, சிப்புக்குள்ளயே அதைக் கழுவி, வேண்டாத உப்பையும் புரதத்தையும் நீக்கி அனுப்பணும், அதுக்குச் சித்தெ நேரமாகும். இந்தச் சிப்பையும் பெரியவரையும் சேத்து வைக்கறதுக்குள்ள எங்களுக்கு நாக்குத் தள்ளிருச்சு. பெரியவர்னா மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர், பாதி அறையை அடைச்சுக்கிட்டு உறுமிக்கிட்டே இருக்கறவரு, உள்ள போற ஒவ்வொண்ணையும் எடை போட்டு இது இன்னாருன்னு சொல்ற ஆளு. அவருக்கு வெற்றிடம் வேணும், ஆயிரக்கணக்குல வோல்ட் வேணும். சிப்போ ஒரு காத்துக் குமிழி வந்தாலே மூச்சு முட்டிப் போற பொடிசு. எந்த ஜோசியனும் பொருத்தம்னு சொல்ல மாட்டான். ரெண்டும் சேருற இடத்துலதான் அத்தனை வம்பும். பசை வெச்சு ஒட்டினோம், பசை கரைஞ்சு உள்ள போய், பெரியவர் ரத்தத்தை விட்டுட்டுப் பசையை எடை போட்டுட்டு உக்காந்திருந்தாரு. வளையம் வெச்சு அமுக்கினோம், கசிஞ்சுது. கடைசியில சூசைராஜ்தான் கடைசல்ல ஒரு சின்னப் பிடி செஞ்சு கொண்டாந்தான், திருகினா தகடும் குழாயும் முகத்தோட முகம் வெச்சு நிக்கும், நடுவுல இழை போகாது. சூசை இங்க மெஷின் எஞ்சினியர். ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற ஆளு, ஆனா ஆயுத பூஜைன்னா இந்த லேபுக்கு அவன்தான் பூசாரி. வாழைக்கன்னு கட்டி, பூசணிக்காய் உடைச்சு, பொரி கடலையை எல்லார் கையிலயும் அள்ளிக் கொட்டி, பம்ப்புக்கு ஒரு பொட்டு, தராசுக்கு ஒரு பொட்டு, பெரியவர் நெத்தியில கை அகலத்துக்குச் சந்தனமும் குங்குமமும். "சூசை, மாதாவுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாங்க?"ன்னு கேட்டா, "மாதா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க மேடம், இவருதான் கோவிச்சுக்குவாரு. இவரு கோவிச்சா நீங்க ராத்திரியில எனக்குத்தானே போன் பண்ணுவீங்க"ம்பான். சரி, விளையாட்டுன்னு விட்டேன். பூஜை முடிஞ்ச மறுநாள் மெஷினைப் போட்டா, எதை உள்ள விட்டாலும் நானூத்தி நாப்பத்திமூணுங்கற எடையில ஒரு திருடன் நிக்கறான். வெறும் தண்ணியிலயும் அவன். கையுறையை மாத்தினேன், ஊசியை மாத்தினேன், என் விரலைக் குத்திக் குத்தி என் ரத்தத்தையே விட்டுப் பாத்தேன், இடது கையில குத்தாத விரல் இல்ல. இன்னிக்குக் காலையிலதான் கண்டுபிடிச்சேன். ரத்தத்தைச் சுமந்துட்டுப் போற கரைசல் பாட்டிலோட மூடியில குங்குமப் பொட்டு. மூடியில இருந்து மரை வழியா ரோஸ் கலர்ல ஒரு சின்ன ஒழுக்கு. பொட்டலத்துல விக்கற குங்குமத்துல மஞ்சளாவது எலுமிச்சையாவது, எல்லாம் ரோஸ் சாயம். திருப்பூர்ப் பக்கம் பொறந்தவளுக்கு அதைச் சொல்லியா தரணும், ஒட்டினா ஒட்டினதுதான். பாட்டிலை மாத்தினேன், மூணு தடவை கழுவினேன், குழாய்க்குள்ள ஒட்டிக்கிட்டு இன்னும் கசியறான்.

அப்பத்தான் வாய் நீண்டுருச்சு எனக்கு. "ஏனுங்க சூசை, பக்தி முத்திப் போனா என் பாட்டில் மூடியிலயா வந்து பொட்டு வைப்பீங்க?" "மேடம், அது மூடிதானுங்களே…" "மூடிதான். அதுக்குள்ள இருக்கற கரைசல்லதான என் தம்பி குழந்தை ரத்தம் போகணும்? இன்னிக்கு ஏதாச்சும் தப்பாச்சுன்னா அதுக்கு யாரு பதில் சொல்வா, உங்க குங்குமமா?" அவன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "இனிமே வைக்கலைங்க மேடம்"னு மட்டும் சொல்லிட்டு வெளிய போனவன்தான், டீ சாப்பிடற நேரத்துக்குக்கூட எட்டிப் பாக்கல. பேசியிருக்க வேண்டாம். பாவம், லீவு நாள்ல குடும்பத்தை விட்டுட்டு எனக்காக வந்தவன். அப்பறம் பேசிக்கலாம், இப்பப் பச்சையைப் பாரு. படுத்திருக்கு. நீலத்தைப் பாரு. நீலம் எங்களுக்குக் காவக்காரன், அளவு தெரிஞ்ச ஒரு சாமானைப் பக்கத்து வாய்க்கால் வழியா ரத்தத்தோடவே அனுப்பறோம், அது ஓடற வரைக்கும் எல்லாம் சரியா வந்து சேருதுன்னு அர்த்தம். நீலம் நேரா ஓடுது, அம்மாடி, சமர்த்து. காலுக்குக் கீழ என்னமோ நறநறங்குது, பொரி. கீபோர்டு சந்துல ஒரு பொட்டுக்கடலை. பசிக்கிற மாதிரி இருக்கு, ஆனா பசி இல்ல, அங்க ஒருத்தி பொறந்ததுல இருந்து ஒரு சொட்டுப் பால் காணாம இருக்கா, எனக்கென்ன பசி. நேத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள கையை விட்டு அவ உள்ளங்கையைத் தொட்டேன், என் விரலைப் பிடிச்சுக்கிட்டா, குத்துப்பட்ட விரல், வலிச்சுது, எடுக்கத் தோணல. குனிஞ்சு அவ துணியை மோந்து பாத்தேன். ஆஸ்பத்திரி வாசம்தான் வந்துச்சு. ஆனா மூத்தவனுக்கும் ரெண்டாம் நாள் ஒண்ணும் வரல. வாசத்தை நம்பக் கூடாது. பெரியவரை நம்பு. பச்சை படுத்திருக்கு, இன்னும் கொஞ்ச நேரம், இந்தா இப்ப ரத்தம் வந்து சேருற நேரம், எழும்பலை, எழும்பலைடீ, ஆத்தா… நீலம் விழுந்துருச்சு.

விழுந்துருச்சு. அப்படியே தொபுக்குன்னு, இருந்த சுவடே இல்லாம தரைக்குப் போயிருச்சு. சிப்பைப் பாத்தேன், லென்ஸுக்குக் கீழ பக்கத்து வாய்க்கால் முனையில ஒரு காத்துக் குமிழி, கொசு முட்டை அளவு, அசையாம உக்காந்திருக்கு. எப்ப வந்துச்சு? எங்க இருந்து வந்துச்சு? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைஞ்ச கதைன்னா இதுதான். குமிழி அந்த ஒரு வாய்க்காலை மட்டும்தான் அடைச்சுதா, இல்ல உடைஞ்சு மூக்கு வரைக்கும் போய் தூவலையே நிறுத்திருச்சா? தூவல் நின்னிருந்தா உள்ள ஒண்ணுமே போயிருக்காது. ஒண்ணுமே போகலைன்னா பச்சை எழும்பாதுதான். ராத்திரி வாசல்ல பானையை வெச்சுட்டுப் படுத்தாச்சு, காலையில பானை காலி. மழை பெய்யலையா, இல்ல பானை கவுந்து கெடந்துச்சா? நல்ல குழந்தையோட பச்சைக் கோடும், ஓடாத மெஷினோட பச்சைக் கோடும் ஒரே மாதிரிதான் படுத்திருக்கும். ரத்தம் முடிஞ்சுது. கழுவினாத் திரும்பி வராது. நான் போய் என்ன சொல்றது? பால் குடும்மான்னு சொல்லி, நாளைக்கு அந்தத் துணி மணந்துச்சுன்னா? வேண்டாம்னு சொல்லி, சாயங்காலம் எடுக்கற சொட்டும் இப்படியே போய், அந்தப் பிஞ்சு இன்னும் நாலு நாள் ஊசியிலயே வாடி, அவளுக்கும் பால் வத்திப் போச்சுன்னா? பிருந்தா கேப்பா, என்னாச்சுங்க நங்கையான்னு. மெஷின் தெரியலைன்னு சொல்லிருச்சும்மான்னா சொல்றது? மூத்தவனோட கடைசிச் சொட்டை வேற வாங்கித் தீத்துட்டேன். கதவு திறந்த சத்தம் கேட்டுது. சூசை. என்னைப் பாக்காம நேரா பெரியவருகிட்டப் போறான், ஒரு கையில பஞ்சு, இன்னொரு கையில ஸ்பிரிட் பாட்டில். "துடைச்சர்றேனுங்க மேடம். எல்லாத்துலயும் துடைச்சர்றேன்." பஞ்சை நனைச்சு, பெரியவர் நெத்திப் பொட்டுக்கு நேரா கையைத் தூக்கறான். பஞ்சு பட்ட ஓரத்துல ஒரு துளி ரோஸ் இறங்குது. ஒட்டினா ஒட்டினதுதான். கழுவினாலும் போகாது. எதை உள்ள விட்டாலும் அவன் இருப்பான். எதை உள்ள விட்டாலும்.

"சூசை, துடைக்காதீங்க!" நான் போட்ட சத்தத்துல அவன் பஞ்சைக் கீழ போட்டுட்டான். திருடன் எப்ப வர்றான் எப்ப போறான்னு பாக்கறதுக்குக் காலையிலயே அவனுக்கும் ஒரு கோடு போட்டு வெச்சிருந்தேன். மத்த ரெண்டையும் அமுக்கறான்னு எரிச்சல்ல திரையில மட்டும் மறைச்சு விட்டேன். மறைச்சதுதான், அழிக்கல. மவுஸ் வழுக்குது, உள்ளங்கையெல்லாம் வேர்வை. மூணாவது கோட்டைத் திறந்தேன். ரோஸ் கலர்லயே வந்து நின்னுச்சு. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும், நீலம் விழுந்த இடத்தையும் தாண்டி, கயிறு கட்டின மாதிரி நேரா. தூவல் நிக்கலை. ஒரு நொடிகூட நிக்கலை. நின்னிருந்தா இவன் எப்படி உள்ள போயிருப்பான்? குமிழி காவக்காரனை மட்டும்தான் மறிச்சிருக்கு. ஆனா ரத்தம்? ரத்தம் வந்து சேந்துச்சா? கோட்டைப் பெருசு பண்ணினேன். இருந்துச்சு. சரியா ரத்தம் வர வேண்டிய இடத்துல ரோஸ் கோடு கொஞ்சம் குனிஞ்சு, ரத்தம் போற வரைக்கும் குனிஞ்சே இருந்து, மறுபடி நிமிந்திருக்கு. என் ரத்தத்தை விட்டப்ப எல்லாம் இவன் இப்படித்தான் குனிஞ்சான், மூத்தவன் வந்தப்பவும் இதே மாதிரி. ரத்தம் வந்துச்சுன்னா கூட இருக்கறவங்க கொஞ்சம் அமுங்கித்தான் ஆகணும், அது பெரியவர் வீட்டு நியாயம். குழந்தை வந்திருக்கா. பானை நிமிந்துதான் இருந்துச்சு, மழைதான் பெய்யல. மூத்தவனோட கோட்டை எடுத்துப் பக்கத்துல வெச்சேன். அதே குனிவு, அதே இடம். அங்க பச்சை மலை, இங்க பச்சை தரை. கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரின்னு சொல்வாங்க, நான் எங்க கும்பிடப் போனேன், வையத்தானே போனேன். "என்னங்க மேடம், என்னாச்சுங்க?" சூசை பக்கத்துல வந்து நிக்கறான். திரையைக் காட்டினேன். "உங்க குங்குமம் சூசை. உங்க குங்குமம்தான் சாட்சி சொல்லியிருக்கு." அவன் கோட்டையும் என்னையும் மாறி மாறிப் பாத்துட்டு, "பாப்பாவுக்கு ஒண்ணுமில்லைங்களா?"ன்னான். இல்லைன்னு தலையாட்டினேன். அவன் சிலுவை போட்டுக்கிட்டான், போட்ட கையோட பெரியவரைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். "காலையில பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க சூசை." "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சுங்க மேடம். போனைப் போடுங்க மொதல்ல."

டாக்டரம்மாகிட்ட ஒண்ணு விடாமச் சொன்னேன், குமிழி வந்ததையும் நீலம் விழுந்ததையும் மறைக்கல. சரியான நம்பர் குடுக்க முடியாதுங்க, ஆனா அண்ணனுக்கு இருந்தது இவளுக்கு இல்லை, அதை மட்டும் அடிச்சுச் சொல்வேன். படத்தை அனுப்பினேன். அந்தப் பக்கம் பாக்கறாங்க, பாக்கறாங்க, அதுக்கு நடுவுல தூரத்துல ஒரு அழுகை. அவதான். அவ்வளவு சன்னமான தொண்டை, விட்டு விட்டு, அழக்கூடத் தெம்பில்லாம. "சாயங்காலம் இன்னொரு சொட்டு எடுத்து அனுப்பறேன். அதுல ஒழுங்கா நம்பர் வேணும் வாணி." "சரிங்க." "அதுவரைக்கும் துணியை மோந்து பாத்துட்டே இருக்கச் சொல்றேன்." "சரிங்க." "பிருந்தாவைக் கூப்பிடுங்கம்மா யாராச்சும். குடுக்கட்டும்." போனை வெச்சிராதீங்க டாக்டர்னு சொன்னேன், எதுக்குன்னு அவங்க கேக்கல, அப்படியே எங்கயோ வெச்சுட்டாங்க. செருப்புச் சத்தம். தாமு குரல், "பாத்து, பாத்து, வயரு." பிருந்தா மூக்கை உறிஞ்சறது கேட்டுது. அழுகை கிட்ட வந்துச்சு, பெருசாச்சு. பெரியவர் உறுமறாரு, சூசை பஞ்சைப் பொறுக்கி எடுத்துட்டு நிக்கறான், நான் போனைக் காதோட அமுக்கிப் பிடிச்சிருக்கேன். எங்க சனங்கள்ல பேர் வைக்கும்போது குழந்தை காதுல மொதல்ல கூப்பிடறது அத்தைதான். மூத்தவனுக்குன்னு நான் ஒரு பேர் வெச்சிருந்தேன், கூப்பிட நேரம் வரல, யாருகிட்டயும் சொன்னதும் இல்ல. இப்ப மனசுக்குள்ள கூப்பிட்டேன். கேக்குதாடா, உன் தங்கச்சிதான்னேன். அழுகை ஒருதரம் உச்சத்துக்குப் போய், விக்கி, தேடித் தேடி, நின்னுச்சு.